கூடும் கூண்டும்: சிராங்கூன் சாலை முதல் ஜூரோங் வரை



தமிழில் ‘வளர்த்தல்’ என்னும் வினைச்சொல் மிகவும் தாராளமானது. பிள்ளையை வளர்க்கிறோம், மரத்தை வளர்க்கிறோம், முடியை வளர்க்கிறோம், சில வேளைகளில் பகையையும் வளர்க்கிறோம். ‘அவர் வீட்டில் கிளி வளர்க்கிறார்’ என்று ஒருவர் சொன்னால், நமக்குத் தோன்றும் காட்சி என்ன? ஒரு கூண்டு, அதற்குள் ஒரு கிளி, கையில் ஒரு கொவ்வைப்பழம் அல்லது மிளகாயுடன் நிற்கும் வீட்டுக்காரர். அந்தக் கிளி அந்த வீட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. வைத்திருத்தல், உணவூட்டல், பேணுதல் ஆகிய மூன்றையும் ‘வளர்த்தல்’ சுமக்கிறது. பெருக்குதல் என்ற நான்காவது பொருளைச் சுமப்பதில்லை. அதற்காக நாம் ‘இனப்பெருக்கம்’ என்றொரு தொடரைப் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்டோம்.

கோழி மட்டும் இதற்கு விலக்கு. ‘அடை காத்தல்’ என்பது பறவையின் செயல். ‘அடை வைத்தல்’ என்பது மனிதரின் செயல். முட்டைகளைத் தேர்ந்து, நாள் பார்த்து, தவிட்டின்மேல் அடுக்கி, அடைக்கோழியை அதன்மேல் உட்கார்த்துவது. கோழிக்கு அடை வைக்கத் தெரிந்த நம் மக்கள் கிளிக்கு அடை வைக்கவில்லை. மரப்பொந்தில் கையை விட்டுக் குஞ்சை எடுத்து வந்தார்கள். நம் மொழியில் இவ்விரு செயல்களும் வேறுவேறு சொல் பெற்றதற்குக் காரணம் இதுவே. சிங்கப்பூரின் பறவை வளர்ப்பு வரலாற்றை இந்தச் சொல்வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், அது ஒரு கேள்வியின் வரலாறாகத் தெரிகிறது: கூண்டில் இருக்கும் பறவை எங்கிருந்து வந்தது?

‘கூண்டு’ என்பதும் ‘கூடு’ என்பதும் ஒரே வேரினவை. இன்று பறவை தானே கட்டுவது கூடு, மனிதர் கட்டுவது கூண்டு என்று பிரித்துப் பேசுகிறோம். ஆயினும் ‘கிளிக்கூடு’ என்று கூண்டையே குறித்த வழக்கும் தமிழில் உண்டு. மலையாளத்தில் இரண்டுக்கும் ‘கூடு’ என்றே இன்றும் சொல்கிறார்கள். வடமொழியிலிருந்து வந்த ‘பஞ்சரம்’ என்னும் சொல்லும் நம் இலக்கியத்தில் கூண்டைக் குறிக்கும். அதே சொல் கடல் கடந்து மலாய்மொழிக்குச் சென்று ‘பெஞ்சாரா’ ஆயிற்று. அங்கே அதன் பொருள் சிறைச்சாலை. பறவைக் கூண்டுக்கு மலாய்க்காரர்கள் ‘சங்கார்’ என்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் துறைமுகமாக எழுந்த நாளிலிருந்தே இங்கு பறவைகள் சரக்காக வந்து இறங்கின. கிழக்குத் தீவுகளின் கிளிகளும் புறாக்களும் பாய்மரக்கப்பல்களில் வந்தன; இங்கிருந்து ஐரோப்பாவுக்கு விலையாகிச் சென்றன. இதற்கு நன்கு பதிவான ஒரு சான்று உண்டு. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பல ஆண்டுகள் தீவுக்கூட்டங்களில் அலைந்தும் உயிருள்ள சொர்க்கப் பறவையை ஊருக்குக் கொண்டுபோக இயலாதிருந்தார். இறுதியில் சிங்கப்பூரில் ஒரு வணிகரிடம் இரண்டு பறவைகள் இருப்பதை அறிந்து, 100 பவுன் கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. பறவைகள் சோறும் வாழைப்பழமும் கரப்பான்பூச்சியும் நன்றாகத் தின்றன என்பதே அவர் துணிந்து வாங்கியதற்குக் காரணம். வழிநெடுக அவர் பட்ட பாடு கரப்பான்பூச்சிக்காகத்தான். மால்ட்டாத் தீவில் ஒரு ரொட்டி அடுமனையில் வேண்டிய அளவு பிடித்துக்கொண்டார். 1862இல் இரண்டும் உயிரோடு லண்டன் சேர்ந்தன. ஒன்று ஓராண்டும் மற்றொன்று ஈராண்டும் அங்கு வாழ்ந்தன. இரண்டுமே ஆண் பறவைகள். உணவூட்டும் கலை அங்கே முழுமையாக வெற்றி பெற்றது. ஆனால் குஞ்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறவை வளர்ப்பு ஏறக்குறைய முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் காணலாம்.

இனி நம் சிராங்கூன் சாலைக்கு வருவோம். அந்தப் பெயரே ‘ரங்கோங்’ என்னும் நீர்நிலைப் பறவையின் பெயரிலிருந்து வந்ததாகப் பரவலாக ஒரு விளக்கம் உண்டு. பெயரில் பறவை இருந்ததோ இல்லையோ, சாலையில் பறவைகள் இருந்தன. அச்சாலையில் ‘வாம்போவா’ என்றழைக்கப்பட்ட சீனச் செல்வந்தர் ஹூ ஆ கேயின் புகழ்பெற்ற தோட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விலங்குகளையும் பறவைகளையும் கொண்டிருந்தது. அதற்குப்பின் 1920களில் அதே சாலையில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிலவுடைமையாளர் வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா தம் வீட்டு வளாகத்தில் விலங்குகளையும் பறவைகளையும் சேர்க்கத் தொடங்கினார். கிழக்கே சாங்கி வட்டாரத்தில் இருந்த சோமாப்பா கிராமம் இவருடைய தந்தையாரின் பெயரைத் தாங்கியது. இவரை மக்கள் ‘விலங்கு மனிதர்’ என்றே அழைத்தார்கள்.

வீட்டுக் கொல்லையில் தொடங்கிய ஒரு ஆசை, அக்கம்பக்கம் தாங்கும் அளவைத் தாண்டும்போது என்ன நேரும் என்பதைப் பறவை வளர்ப்போர் யாவரும் அறிவர். 1928இல் பாசப்பா தம் திரட்டைப் பொங்கோலின் கடலோரத்துக்கு மாற்றினார். பொங்கோல் விலங்குக் காட்சிச்சாலை என்று நம் வரலாற்று நூல்கள் அதைக் குறிக்கின்றன. 1930களில் அங்கே ஏறத்தாழ 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் இருந்தன. இந்த விகிதத்தைக் கவனியுங்கள். புலியைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். இடத்தை நிறைத்தவை பறவைகள்.

பாசப்பாவின் காட்சிச்சாலை முடிந்த விதம் கொடியது. 1942இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படை நெருங்கிவந்த வேளையில், பிரிட்டிஷ் படையினர் பொங்கோல் கடற்கரையைத் தற்காப்புக்காகக் கேட்டார்கள். இடத்தைக் காலி செய்ய அவருக்கு 24 மணி நேரம் அளிக்கப்பட்டது. அத்தனை உயிர்களையும் ஒரு நாளில் எங்கே கொண்டுசெல்வது? ஆபத்தான விலங்குகள் சுட்டுக்கொல்லப்பட்டன, பறவைகள் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஆண்டு, 1943இல், பாசப்பா காலமானார். திறந்துவிடப்பட்ட 2,000 பறவைகளுக்கு ‘விடுதலை’ கிடைத்தது என்று எழுதினால் வாக்கியம் அழகாக இருக்கும். ஆனால் காலையும் மாலையும் தட்டில் தீனி வந்த பறவைக்கு, அயல்நிலத்தின் கனியும் விதையும் பழக்கமில்லாத பறவைக்கு, திறந்த கதவு பெரும்பாலும் பட்டினிக்கே திறக்கிறது.

போருக்குப்பின் கம்பங்கள் போய் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. கொல்லைப்புறம் மறைந்தது, கூண்டு சிறுத்தது, பறவையும் சிறுத்தது. தியோங் பாருவில் ஒரு காப்பிக்கடையின் ஓரத்தில் கூரையிலிருந்து கூண்டுகளைத் தொங்கவிட்டு, காப்பி குடித்தபடி பறவைப்பாட்டுக் கேட்கும் மரபு எழுந்தது. (மொழியியலாளன் என்ற முறையில் ஓர் இடைக்குறிப்பு: மலாயில் ‘தியோங்’ என்றால் மலைமைனா. ஆனால் தியோங் பாருவின் ‘தியோங்’ அதுவன்று. ஹொக்கியன் மொழியில் இடுகாட்டைக் குறிக்கும் சொல் அது. பறவைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற இடத்துக்குப் பறவைப்பெயர் தற்செயலாக வாய்த்தது.) அங் மோ கியோவில் கெபுன் பாருவிலும் உயர்ந்த கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிப் பாடவிடும் திடல் இன்றும் உள்ளது.

அங்கே கேட்கும் பெயர்கள் நான்கு. ‘மெர்போக்’ என்பது உடலில் வரிகள் கொண்ட சிறு புறா. ‘மாத்தா புத்தே’ என்றால் வெண்கண். தமிழ்நாட்டில் அவ்வினப் பறவையை ‘வெள்ளைக்கண்ணி’ என்கிறோம், கண்ணைச் சுற்றிய அந்த வெள்ளை வளையத்தை வைத்து இரு மொழியினரும் தனித்தனியே ஒரே பெயரை அடைந்திருக்கிறார்கள். ‘ஜம்புல்’ என்றால் கொண்டை. நம் கொண்டைக்குருவி, சின்னான் வகை. நான்காவது ‘ஷாமா’, தமிழில் சோலைபாடி. இந்த நான்கில் மெர்போக் புறாவுக்கு மட்டும் வேறுபட்ட வரலாறு உண்டு. தென்தாய்லாந்தில், சொங்கிலா மாநிலத்தின் சானா வட்டாரத்தில், குடும்பம் குடும்பமாக இப்புறாவைக் கூண்டிலேயே பெருக்கிக் குரல்நயம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தொழில் வேரூன்றியது. நல்ல குரலுடைய பறவைக்குக் காட்டைத் தேடவேண்டியதில்லை. நல்ல பெற்றோரைத் தேடினால் போதும். மற்றவற்றுக்கு நெடுங்காலம் காடே பண்டகசாலையாக இருந்தது.

புறா எளிதில் பெருகுவதற்கும் ஷாமா பெருகத் தயங்குவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உணவில் இருக்கிறது. ஆகவே உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

புறாவினம் தன் குஞ்சுக்கு வெளியிலிருந்து புழு தேடவேண்டியதில்லை. தாய், தந்தை இரண்டின் தீன்பையிலும் பால்போன்ற ஒரு குழம்பு சுரக்கிறது. முதல் சில நாள்கள் குஞ்சுக்கு அதுவே உணவு. வளர்ப்பவர் தானியம் கொடுத்தால் பெற்றோர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஷாமாவோ பூச்சி உண்ணும் பறவை. தான் பாடுவதற்கு ஒரு வெட்டுக்கிளி போதும். குஞ்சுகளை ஆளாக்க நாள்முழுதும் உயிருள்ள இரை வேண்டும். அது தட்டுப்பட்டால் கூட்டைக் கைவிட்டுவிடும்.

தானியம் உண்ணும் சிறு கிளிகளுக்கு நாம் கடையில் வாங்கும் கலவையைப் பிரித்துப் பாருங்கள். அதில் இருப்பவை தினையும் பனிவரகும். சங்ககாலக் குறிஞ்சி நிலத்தில் இளம்பெண்கள் பரண்மீது ஏறி, தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் ஓசையெழுப்பிக் கிளிகளை விரட்டியது எந்தத் தினைக்காகவோ, அதே தினையைத்தான் இன்று காசு கொடுத்து வாங்கிக் கிளியின் முன் வைக்கிறோம். லிட்டில் இந்தியாவின் மளிகைக்கடையில் உடல்நலம் நாடுவோருக்காக ஒரு அடுக்கில் விற்கப்படும் தானியம், பறவைக்கடையில் வேறு பெயரில் விற்கப்படுகிறது. மாணவர்கள் ஒருநாள் இரண்டு கடைகளுக்கும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெறும் தானியம் பறவையை உயிரோடு வைத்திருக்கும், பெருகவிடாது. உலர்ந்த விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு; சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. முட்டையோடு உருவாகச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் முட்டை வெளிவராமல் அடைபட்டுப் பெட்டை இறந்துபோகும். அதற்காகக் கூண்டுக் கம்பியில் செருகப்படும் வெள்ளைத் துண்டு கணவாய் ஓடு. சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் ‘கடல்நுரை’. கடையில் அதை வாங்கும் நம் இளைஞர்கள் ஆங்கிலப் பெயரால்தான் கேட்கிறார்கள்; நம்மிடம் இருக்கும் பெயர் அதைவிட அழகானது. மாறாக, நாம் விரும்பி உண்ணும் வெண்ணெய்ப்பழம் கிளிகளுக்கு நஞ்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உணவுக்கும் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு இதைவிட ஆழமானது. குளிர்நாடுகளில் பகற்பொழுது நீளுவதே பறவைகளுக்குக் கூடுகட்டும் பருவத்தை அறிவிக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நீளம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியோ மழையைப் பார்த்துப் பெருகுவது. மழை பெய்தால் புல் கதிர்விடும், கதிர்விட்டால் குஞ்சுக்கு உணவு உண்டு. ஆகவே கூண்டில் முளைகட்டிய பயறும் பச்சைக்கதிரும் கீரையும் வைக்கும்போது நாம் அதற்கு வெறும் தீனி வைப்பதில்லை. மழை வந்துவிட்டது என்று செய்தி சொல்கிறோம். ஆண் தன் தீன்பையிலிருந்து உணவைக் கக்கிப் பெட்டைக்கு ஊட்டத் தொடங்கும். பெட்டிக்கூடு இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். அதனால்தான் ஒரே கூட்டில் இறகு முளைத்த குஞ்சும் கண்திறவாக் குஞ்சும் சேர்ந்து கிடக்கின்றன. 1840இல் ஜான் கூல்டு இப்பறவையை இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுசென்றார். இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கூண்டிலேயே பிறந்த தலைமுறைகள். தமிழ்நாட்டிலும் இங்கும் இதை ‘லவ் பேர்ட்ஸ்’ என்கிறோம். அந்தப் பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவின் வேறொரு குட்டைவால் கிளி. பெயர் தவறானாலும் வழக்கு நிலைத்துவிட்டது. அகராதி வழக்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஜூரோங் இவ்வரலாற்றில் 1971இல் நுழைகிறது. சதுப்புநிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை எழுப்பியவர் டாக்டர் கோ கெங் சுவீ. அத்தொழில்நகரத்தைக் கவனிக்க ஜூரோங் நகரக் கழகம் 1968இல் அமைந்தது. ஆலைகளுக்கு நடுவே மக்கள் வாழ விரும்பவேண்டுமானால் பசுமையும் பொழுதுபோக்கும் வேண்டும் என்று அவர் கருதினார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், மனிதர் உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய பெரிய பறவைக்கூடம் ஒன்றைக் கண்டது அவருக்கு ஊக்கமளித்தது. விலங்குக் காட்சிச்சாலைக்கு முன் பறவைப் பூங்காவைத் தேர்ந்ததற்கு, இறைச்சியைவிடப் பறவைத்தீனி மலிவு என்பதும் ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. பொருளியல் அறிஞர் அல்லவா! மண்டாயில் விலங்குக் காட்சிச்சாலை 1973இல்தான் திறந்தது.

லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் பறவையியலாளர் ஜான் யெலண்டும், அங்குள்ள கட்டடக் கலைஞர் டூவியும் திட்டம் வகுக்க உதவினார்கள். ஜூரோங் குன்றின் சரிவில் சுமார் 20 ஹெக்டரில், 35 லட்சம் வெள்ளி செலவில் அமைந்த பூங்காவை 1971 ஜனவரி 3ஆம் நாள் டாக்டர் கோ திறந்துவைத்தார். நடந்து செல்லும் அருவிக் கூடத்தில் 30 மீட்டர் உயரச் செயற்கை அருவி விழுந்தது. ஒரு தலைமுறை சிங்கப்பூர் மாணவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் நனைந்த அருவி அது.

ஆனால் பூங்காவின் உண்மையான வரலாறு பார்வையாளர் காணாத பின்கட்டில், பெருக்கக் கூண்டுகளிலும் தீனி அறையிலும் நடந்தது. வாலஸ் வாங்கிய பறவைகளின் உறவான பன்னிரு கம்பிச் சொர்க்கப் பறவையை உலகிலேயே முதன்முதலாக அடைப்பில் பெருக்கிய இடம் ஜூரோங், ஆண்டு 2001. இவ்வினத்தில் ஆண் பல பெட்டைகளை நாடும். கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டை மட்டுமே. இணையாக வாழும் கிளிக்குரிய முறை இங்கே பலிக்காது. 1862இல் கரப்பான்பூச்சி கொடுத்து உயிரோடு வைத்திருக்க முடிந்தது. குஞ்சு காண ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

இருவாய்ச்சியின் கதை இன்னும் நெருக்கமானது. சிங்கப்பூரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறைந்த இப்பறவை, 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. கூடுவைக்கப் பெரிய பொந்துள்ள முதுமரங்கள் இல்லை என்பதே அதற்குத் தடை. 2004 முதல் தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் ஆய்வாளர்களும் இணைந்து, மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தி, உள்ளே ஒளிப்பதிவுக் கருவிகளையும் வைத்தார்கள். பெட்டை பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்து, ஒரு சிறு கீறலை மட்டும் விட்டுக்கொள்ளும். ஆண் வாரக்கணக்கில் அக்கீறல் வழியே அத்திப்பழமும் பூச்சியும் பல்லியும் ஊட்டும். தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் இப்பறவையிடம் கூடு எது, கூண்டு எது என்று என் துறையினர் வகைப்படுத்தத் தடுமாறுவர். இன்று ஜூரோங் அடுக்குமாடிகளின் நடைபாதைக் கம்பியில்கூட இருவாய்ச்சி வந்து அமர்கிறது.

கடைசியாக, ‘பாராவ் பாராவ்’ என்று மலாய்க்காரர் அழைக்கும் பறவை. மஞ்சள் வைக்கோல் நிறத் தலையுடைய பெரிய சின்னான். ஆற்றங்கரைப் புதர்களில் இணையாகப் பாடும். அதன் அறிவியல் பெயரில் ‘செய்லானிகஸ்’, அதாவது இலங்கையைச் சேர்ந்தது, என்றிருக்கிறது. இலங்கையில் அது வாழ்ந்ததே இல்லை. 1789இல் பெயரிட்டபோது ஊர் தவறாகக் குறிக்கப்பட்டது. பெயரிடல் விதிப்படி அத்தவறு நிலைத்துவிட்டது. தமிழ் நிலங்களில் வாழாததால் அதற்கு நம்மிடம் மரபுப்பெயர் இல்லை. வைக்கோல்தலைச் சின்னான் என்று வழங்கலாம்.

அதன் இனிய குரலே அதற்குக் கேடாயிற்று. தாய்லாந்தில் அது அழிந்துவிட்டது; சுமத்ராவிலும் ஜாவாவிலும் பிடிப்பவர்கள் ஆறு ஆறாகத் துடைத்துவிட்டார்கள். பிடித்த பறவையை வளர்த்தவர்கள் யாரும் அதை வெறுத்தவர்கள் அல்லர். முட்டையின் மஞ்சட்கருவும் பழமும் கையால் ஊட்டியவர்கள்தாம். ஒரு கூண்டுப் பறவை இறந்தபோது அடுத்ததற்குக் காட்டுக்கே ஆளனுப்பினார்கள், அவ்வளவே. 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய சில வாழிடங்களுள் முதன்மையானது, நகரத்தால் சூழப்பட்ட சிங்கப்பூர். குறிப்பாகப் புலாவ் உபின். 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அனைத்துலக மாநாடு, அரிய உயிரின வணிக உடன்பாட்டின் முதல் பட்டியலில் அதைச் சேர்த்தது; காட்டுப் பறவையின் அனைத்துலக வணிகம் அதனால் தடைப்பட்டது. சிங்கப்பூர் அவ்வுடன்பாட்டில் 1986 முதல் உறுப்பு நாடு. ஷாமாவும் அதே மாநாட்டில் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது.

அம்மாநாடு முடிந்து சில வாரங்களில், 2023 ஜனவரி 3ஆம் நாள், திறந்த அதே தேதியில், 52 ஆண்டுகளுக்குப்பின் ஜூரோங் பறவைப் பூங்கா மூடப்பட்டது. சுமார் 3,500 பறவைகள் மண்டாயின் புதிய ‘பேர்ட் பேரடைஸ்’ வளாகத்துக்கு மாறின. அது மே 8ஆம் நாள் திறந்தது. 1942இல் ஒரே நாள் தவணையில் 2,000 பறவைகளுக்குக் கதவு திறந்துவிடப்பட்ட தீவில், இம்முறை ஒவ்வொன்றும் பெட்டியில் ஏறப் பழக்கப்பட்டு, மருத்துவர் பார்த்து, தீனிப்பட்டியலுடன் இடம்பெயர்ந்தது. குன்றில் அருவியின் நீரோட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது. பெருக்கக் கூண்டுகளில் இருந்த பாராவ் பாராவ் இணைகள் மண்டாயில் உள்ளன.